தார் பூசிய குதிகால்

நைனா,

உன் கார்டு வந்து சேர்ந்தது, மகனே. அதில் முக்கால்வாசி திருப்பதியில் பெய்கிற மழையைப் பற்றியும் டிப்போவில் உனக்கு மாறிய ஷிஃப்டைப் பற்றியும் எழுதிவிட்டு, கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி, மருமகளுக்கு ஊசி போட வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டதாகவும், நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரிலேயே வழக்கமாக வருகிற மருத்துவச்சி பிரசவம் பார்ப்பாள் என்றும், 'அத்தையிடம் நான் எப்படிப் பேசுவது' என்றும் எழுதியிருக்கிறாய். கார்டில் ஓரத்தில் இருப்பதுதான் எப்போதும் விஷயம் என்பது எட்டாவது வரை படித்தவனுக்கும் தெரியும். அதனால் மழைக்குப் பதில் எழுதவில்லை. இங்கேயும் பெய்கிறது.

நானே புறப்பட்டு வந்து சம்பந்தியம்மாவிடம் பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போய்விட்டால், பிள்ளை பிறந்து தீட்டுக் கழியும் வரை மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் அந்த வாசலை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். நான் போய் நின்றால் நான் என்ன சொன்னேன் என்பதை விட்டுவிட்டு, ஏன் வந்தேன் என்பதைப் பேசிக்கொண்டிருப்பார்கள். நீ போகலாம். உனக்குத் தடை கிடையாது, கூச்சம்தான். அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று பார்ப்பதற்குத்தான் இவ்வளவு காகிதம். பிறக்கப் போகிற பிள்ளை முதல் வாரத்தைத் தாண்டுமா என்பது இதில் இருக்கிறது. பெரிதாக்கிச் சொல்கிறேன் என்று நினைக்காதே. உங்க அம்மாவும் நானும் ஒரு முறை தாண்டாமல் பார்த்திருக்கிறோம்.

உனக்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு பெண் பிறந்தாள் என்று உனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாகச் சொல்கிறேன். நல்ல எடை, நல்ல குரல். பிறந்த அன்றே முட்டி முட்டிப் பால் குடித்தாள். மருத்துவச்சி கடலைக்கொடி அறுக்கிற அரிவாளைத் துடைத்துத் தொப்புள்கொடியை அறுத்தாள். சீக்கிரம் காயட்டும் என்று சாணி வரட்டியைச் சுட்ட சாம்பலைத் தொப்புளில் அப்பினாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். ஒரு வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் பிள்ளை பால் குடிக்கவில்லை. பசியில்லை போல என்றார்கள். மத்தியானம் பார்த்தால் வாயே திறக்கவில்லை. உதடு இழுத்துக்கொண்டு, சிரிக்கிற மாதிரி இருந்தது. தொட்டால் உடம்பு விறைத்து வில்லாக வளைந்தது. அடுத்த நாள் முடிந்துவிட்டது. காய வைத்த வேர்க்கடலையை வாரி வர உங்க அம்மா பொழுது சாயும் நேரத்தில் வெளியே போயிருக்கிறாள், கூட்டுக்குத் திரும்புகிற பறவையின் நிழல் அவள் மேல் விழுந்திருக்கிறது, அதோடு வந்து பிள்ளையைத் தூக்கியிருக்கிறாள், அதனால் பட்சி தோஷம் என்று தீர்மானித்தார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். அதற்கப்புறம் சாயங்காலம் ஆனால் வாசற்படிக்கு வெளியே வர மாட்டாள். நான் வேறு எதையும் நம்பவில்லை, அதையும் மறுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் உழவும் கடலையும்தான்.

இனி என் குதிகாலுக்கு வருகிறேன். நீ சின்ன வயதில் அந்தத் தழும்பில் விரலை விட்டு விளையாடுவாய். போராட்டத்தில் பட்ட காயம் என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன். பொய் இல்லை. ஆனால் கேட்பவர்கள் மனதில் வேறு ஏதோ காட்சி வரும்படி சொல்லியிருக்கிறேன்.

அது ஆந்திரம் தனி ராஜ்யமாகப் பிரிந்த சமயம். சித்தூர் ஜில்லா அதோடு போய்விட்டது. தமிழ் பேசுகிற ஊர்களெல்லாம் சென்னையோடு சேர வேண்டும் என்று நகரியிலும் புத்தூரிலும் நாள் தவறாமல் கூட்டம். நான் கூட்டத்தில் கடைசி வரிசை ஆள். உயரம் காரணமாக முன்னால் தெரிவேன், அவ்வளவுதான். புத்தூர் ரோட்டில் ஜட்கா வண்டிகள் நிற்கிற இடத்தில் தெலுங்கில் புதுப் பலகை ஒன்று அடித்திருந்தார்கள். அந்த எழுத்தைத் தார் பூசி அழிப்பது என்று முடிவாயிற்று. தார் டின்னும் தேங்காய் மட்டையும் கொண்டு வந்தவன் உன் தாய்மாமன் முனிரத்தினம். சித்தூரில் எந்தச் சர்க்கார் வாசலையும் இனி மிதிக்க மாட்டேன் என்று அந்த வாரம்தான் நான் கூட்டத்தில் சத்தியம் செய்திருந்தேன். அதனால் எனக்குக் கொஞ்சம் மிதப்பு.

"மாமா, நீதான் ஒயரமா கீற. நீயே பூசு" என்றான் முனிரத்தினம்.

"பூசிக்கினு எவன்டா நிப்பான்? பேத்துடலாம்" என்று நான் பலகையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன். அது சொன்ன பேச்சைக் கேட்டு உடனே வந்தது. பலகை மல்லாந்து விழுந்தது, அதன் மேல் நான் வந்து நின்றேன். துருப்பிடித்த ஆணி குதிகாலுக்குள் முழுதாக ஏறிவிட்டது. கீழே மாட்டுச் சாணமும் குதிரை லத்தியும் மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தது. ஆணியைப் பிடுங்கினால் ரத்தம்கூட அதிகம் வரவில்லை, மிளகு அளவுக்கு ஒரு துளைதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே குத்தியது என்று கேட்பார்கள், போலீஸ் வரும். முனிரத்தினம்தான் வழி சொன்னான்: "தார் வச்சி அடச்சிடு மாமா. எருதுக்குக் கொம்பு ஒடஞ்சா தார்தானே வெக்கிறோம்? ஒரு ஈ எறும்பு நொழையாது." எழுத்தை அழிக்கக் கொண்டு வந்த தாரை என் குதிகாலில் அப்பினோம். பலகையை அழிக்கத் தார் மிச்சமில்லை.

சில நாள் நன்றாகத்தான் இருந்தது. நகரியில் ஒரு கூட்டத்தில் எல்லோரும் கோஷம் போடும்போது எனக்கு மட்டும் வாய் பாதிதான் திறந்தது. "இன்னா மாமா, கட்சி மாறிட்டியா?" என்று முனிரத்தினம் விலாவில் குத்தினான். அன்று வீட்டுக்கு வந்து களி உருண்டையைக் கிள்ளி வாயில் வைத்தால் பல்லைத் தாண்டி உள்ளே போகவில்லை. உங்க அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "களி புடிக்கலியா? வேற எவ வூட்லயாவது துன்னுட்டு வந்தியா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். "வாயத் தொற, பாக்கலாம்" என்றாள். அப்படி ஒரு வாயை அவள் ஒரு முறை பார்த்திருக்கிறாள் அல்லவா. அதற்கப்புறம் அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. வாசலில் போய் நின்று முனிரத்தினத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பொழுது சாய்ந்திருந்தது. அவள் வெளியே நிற்கிறாள் என்பது எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

வண்டி கட்டியதும் நான் பல்லுக்குள்ளேயே, "சித்தூர் வாணாம், வேலூருக்குப் போலாம். வாசல மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிகிறேன்" என்றேன்.

"மிதிக்காத. தூக்கிக்கினு போறோம்" என்றாள்.

அப்படித்தான் போனேன். சித்தூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் தெலுங்குக்காரர், என்னைவிட இளையவர். என் காலைத் தூக்கிப் பார்த்தார். "ஏமய்யா, இது காலா, ரோடா?" என்றார். வண்டி மசி கொட்டிவிட்டது என்று முனிரத்தினம் ஏதோ சொன்னான். "புத்தூர் பலகை எழுத்த அழிக்கிற மசியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கத்தியை எடுத்தார். தாரை உரித்ததும் வந்த நாற்றத்தில் முனிரத்தினம் வெளியே போய்விட்டான். மிளகளவு இருந்த துளையை டாக்டர் விரல் நுழைகிற அளவுக்குக் கிழித்தார். செத்த சதையை வெட்டி எடுத்தார். சோப்புத் தண்ணீரால் கழுவி, அப்புறம் ஏதோ மருந்தை ஊற்றினார்; அது சோடா மாதிரி பொங்கியது. துணியைத் தளர்வாக உள்ளே வைத்துவிட்டு, தைக்காமல் கையைக் கழுவப் போனார். எனக்கு வலியைவிடக் கோபம் அதிகம். கிழித்தவன் தைக்க வேண்டாமா என்று கண்ணால் கேட்டேன்.

"தைச்சா நீ செத்துப்போவே" என்றார் அவர், சாதாரணமாக. பிறகு சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கிருமிகளில் ஒரு ஜாதிக்குக் காற்றே ஆகாது. மண்ணிலும் சாணத்திலும் லத்தியிலும் விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். காற்றுப் படாத ஆழமான துளை கிடைத்தால் ஓட்டை உடைத்துக்கொண்டு முளைத்து விஷத்தைக் கக்கும். அந்த விஷம் நரம்பில் ஏறினால் முதலில் தாடை பூட்டிக்கொள்ளும், பிறகு உடம்பு இழுக்கும். துருவில் ஒன்றும் இல்லை, ஆணி அழுக்கைச் சுமந்து கொண்டுபோய் ஆழத்தில் விட்டதுதான் விஷயம். "ஆணி கொண்டுபோயி விட்டது. நீ தார் பூசி அதுக்குக் கதவு சாத்திக் குடுத்துட்டே" என்றார். ஈ எறும்பு நுழையாமல் பார்த்துக்கொண்டோம், காற்றும் நுழையாமல் பார்த்துக்கொண்டோம். இப்படி ஒரு வைத்தியம் எல்லைப் போராட்டம் நடந்த ஊரில்தான் நடக்கும். வேறு ஊரில் அந்த நேரத்தில் கையில் தார் இருந்திருக்காது.

முதலில் தோலில் ஒரு சொட்டு ஊசி போட்டுப் பார்த்து, ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு பெரிய ஊசி போட்டார்கள். அது குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்தாம். ஜட்கா குதிரை கொடுத்த வியாதிக்கு இன்னொரு குதிரை வந்து மருந்து கொடுத்ததில் எனக்கு மரியாதை உண்டு. பென்சிலின் வேறு போட்டார்கள். ஜன்னலுக்கு எல்லாம் கறுப்புத் துணி கட்டிய மூலையில் என்னைப் போட்டு, சத்தம் கூடாது, வெளிச்சம் கூடாது, தொடக் கூடாது என்றார்கள். ஒரு நாள் முனிரத்தினம் தூக்குச் சட்டி மூடியைக் கீழே போட்டான். அந்தச் சத்தத்துக்கே என் உடம்பு கட்டிலை விட்டு எழும்பியது. அதற்கப்புறம் அவன் ஆஸ்பத்திரியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தான். அவன் அவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது அவன் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

நான் கொஞ்சம் தேறி, கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தபோது டாக்டர் வந்து காலைப் பார்த்தார். உங்க அம்மா தலைமாட்டில் நின்றிருந்தாள். அவள் அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சார், இது சின்னப் புள்ளைங்களுக்கும் வருமா?" என்றாள்.

"ஏம்மா?"

"பொறந்து ஒரு வாரம் ஆவல. பால் குடிக்கல. வாய் தொறக்கல. இவரு மாதிரியே இழுத்துக்கிச்சி."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "தொப்புளு எதுல அறுத்தீங்க? மேல ஏமன்னா, ஏதாவது, வெச்சீங்களா?"

அவள் அரிவாளைச் சொன்னாள், சாம்பலைச் சொன்னாள். அவர் என் காலைக் கீழே வைத்தார். "அதுதாம்மா. தொப்புளும் காயம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். உங்க அம்மா அழவில்லை. என் போர்வையை இழுத்துச் சரி செய்தாள், அது சரியாகத்தான் இருந்தது. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில், கார்வேட்டிநகரம் தாண்டியதும், வெளியே பார்த்துக்கொண்டே, "அப்போ அந்தப் பட்சி மேல தப்பில்ல" என்றாள். அவள் தன்னைப் பற்றிச் சொல்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. "இல்ல" என்றேன். நன்றாக வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

எல்லைத் தகராறு பிறகு ஒருவாறு தீர்ந்தது. திருத்தணி சென்னைப் பக்கம் போனது, சத்தியவேடு ஆந்திரப் பக்கம் வந்தது, நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம். என் குதிகாலால் கோடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் நீ பிறந்தபோது இந்த வீட்டில் வேறு ஒன்று நகர்ந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

உங்க அம்மா மாதம் நிறைந்ததும் முனிரத்தினத்தை விட்டுச் சவரக் கடையில் கேட்காமல் கடைத்தெருவில் காகிதம் பிரிக்காத புது பிளேடு வாங்கி வரச் சொன்னாள். வலி எடுத்ததும் அவளே பிளேடையும் நூலையும் பானையில் போட்டுக் கொதிக்க வைக்கச் சொன்னாள். அந்த வலிக்கு நடுவில், "கொதிச்சிதா? நல்லா கொதிக்கட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. மருத்துவச்சிக்கு அது அவமானம். "எத்தினி புள்ள எறக்கிகிறேன், எனக்குச் சோறாக்கக் கத்துக் குடுக்கிறியா?" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள், பிளேடால்தான் அறுத்தாள். அவள் சாம்பலைக் கொட்டாங்குச்சியில் தயாராக வாசலில் வைத்திருந்ததை நான் பார்த்தேன். ஓர் ஆண்பிள்ளை அங்கே என்ன பேச முடியும்? அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"சாம்பல் எங்கய்யா?" என்று வெளியே வந்தாள்.

"எந்தச் சாம்பல்?"

"இங்கதான் வச்சேன். எழுந்திரு."

"கால் வலிக்கிது. எழுந்திருக்க முடியல" என்றேன். அந்தக் காலை அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாக நான் உபயோகித்ததில்லை. அவள் திட்டிக்கொண்டே உள்ளே போனாள். நான் எழுந்தபோது வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சாம்பல். அதோடுதான் ஊரெல்லாம் போய்ப் பிள்ளை பிறந்த சேதி சொன்னேன், வேட்டியைப் பார் என்று எவனும் சொல்லவில்லை. உன் தொப்புளில் ஒன்றும் வைக்கவில்லை. அது தானாகக் காய்ந்து தானாக விழுந்தது.

இப்போது நீ செய்ய வேண்டியது. இந்த வாய்ப்பூட்டு நோய் வராமல் இருக்கப் பேறுகாலத்தில் போடுகிற ஊசி இரண்டு தடவை. அதைப் போட்டால் பிள்ளை கலைந்துவிடும் என்று சம்பந்தியம்மா பயப்படுகிறார்கள். கலையாது. ஊசி தாய்க்கு, காவல் பிள்ளைக்கு. அவள் ரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்பு பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது என்று புத்தூரில் நர்ஸம்மா எனக்கே விளக்கினாள். அத்தையிடம் கிருமி, விஷம் என்று ஆரம்பிக்காதே. மாட்டைப் பற்றிப் பேசு. மழைக்கு முன்னால் அவர்கள் தொழுவத்து எருதுகளுக்கெல்லாம் சப்பை நோய்க்கு ஊசி போடுகிறார்கள். அந்த நோய் வந்த மாட்டின் தொடை வீங்கி, அமுக்கினால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்கும். அதுவும் இதே காற்று ஆகாத ஜாதிக் கிருமிதான். 'எருதுக்குப் போட்டீங்க, உங்க பொண்ணுக்கு வாணாமா அத்தை?' என்று கேள். சிரித்துக்கொண்டே கேள். பிறகு மருமகளைக் கையோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்று. பிரசவமும் ஆஸ்பத்திரியில் என்றால் ரொம்ப நல்லது. வீட்டில்தான் என்றால் கை கழுவச் சோப்பு, புது பிளேடு, கொதிக்க வைத்த நூல், சுத்தமான துணி. தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். மருத்துவச்சியைச் சண்டைக்கு இழுக்காதே, அவளுக்குப் புதுப் புடவை ஒன்று முன்கூட்டியே கொடு. தேவைப்பட்டால் எதன் மேலாவது உட்கார்.

உனக்கும் ஒன்று. டிப்போவில் இரும்பு, ஆணி, தகரம் எல்லாம் உண்டு. குத்தினால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு. சுண்ணாம்பு, காப்பித்தூள், கிரீஸ் என்று எதையும் வைத்து அடைக்காதே. அன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொள், வாய் பூட்டுகிற வரை காத்திருக்காதே. ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடி வராது என்பதும் கிடையாது. அதனால் நானும் இன்னும் போட்டுக்கொள்கிறேன், ஒவ்வொரு தடவையும் நர்ஸம்மாவிடம் பலகைக் கதையைச் சொல்கிறேன், அவளும் பாவம் கேட்கிறாள்.

பிள்ளை பிறந்ததும் தந்தி அடிப்பாய், தெரியும். அடி. சக்கரை வாங்கித் தெருவுக்குக் கொடுப்போம். ஆனால் உங்க அம்மா அதோடு நிம்மதியாக மாட்டாள். நீ பிறந்த அந்த வாரம் முழுக்க, தினமும் விடிந்ததும் உன் உதட்டில் விரலை வைத்துப் பார்ப்பாள், வாய் திறக்கிறதா என்று. அந்த வாரம் கழிந்த காலையில் அவள் விரலை வைப்பதற்கு முன்பே நீ வாயைப் பிளந்துகொண்டு கத்த ஆரம்பித்தாய். ஊரே எழுந்துவிட்டது. தூக்கி ஆற்றுங்கள் என்று அடுத்த வீட்டில் சத்தம் போட்டார்கள். அவள் தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால் தந்திக்கு அப்புறம், வாரம் கழிந்து ஒரு கார்டு போடு. மழையைப் பற்றி எழுத வேண்டாம். பிள்ளை எவ்வளவு சத்தமாக அழுகிறது என்று மட்டும் எழுது. ஓரத்தில் வேண்டாம், நடுவில் எழுது.

உன்
நைனா